கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க நல்ல நேரம்

நான் பெயிண்ட் அடித்ததில்லை. மற்றவர்கள் அடித்த பெயிண்டைச் சரியில்லை என்று சொல்வதற்காகச் சம்பளம் வாங்கியவன். துறைமுகத்து எண்ணெய்த் தொட்டி, பாலம், குழாய் என்று இரும்பு இருந்த இடமெல்லாம் டார்ச் லைட்டோடும் பூச்சின் கனத்தை அளக்கும் கருவியோடும் போய் நிற்பேன். என்னைக் கண்டதும் குத்தகைக்காரர்கள் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ வாங்கிவர ஆள் அனுப்புவார்கள். குடித்து முடித்துவிட்டு, எல்லாவற்றையும் சுரண்டி மறுபடி அடிக்கச் சொல்வேன்.

துரு பெரிய மர்மமில்லை. இரும்பு மண்ணிலிருந்து வந்தது. வந்த இடத்துக்கே திரும்பிப் போக அதற்கு எப்போதும் ஆசை. காற்றும் ஈரமும் அதற்கு வழி காட்டும். எங்கள் கிள்ளான் மாதிரிக் கடலோர ஊரில் உப்பும் சேர்ந்துகொண்டு டாக்சி பிடித்துக் கொடுக்கும். பெயிண்ட் அந்த வழியை மறிப்பதற்குத்தான், அழகெல்லாம் அப்புறம். ஈர இரும்பின் மேல் அடித்தால் திருடனை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டிய கணக்கு. கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி இதைக் கேட்டு வருகிறாள். ஞாபகம் வைத்துக்கொள்ள அவள் சம்மதித்ததில்லை.

எங்கள் மகளும் அந்தப் பையனும் தாங்களே பேசி முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்களுக்கு மிச்சம் விட்டது ஒன்றுதான்: கல்யாணத்தை எங்கே வைப்பது. வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் கிள்ளான் மண்டபத்தில்தான் என்று என் மனைவி மனதுக்குள் மேடை அலங்காரம் வரை முடித்துவிட்டாள். பையன் வீட்டார் தங்கள் பக்கம், ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு கோவில் மண்டபத்தைச் சொன்னார்கள். பேசி முடிக்க ஞாயிற்றுக்கிழமை பையனின் அப்பா அம்மா வருவதாக ஏற்பாடு. வீட்டைப் பார்த்ததுமே அவர்கள் பாதி அடங்கிவிட வேண்டும் என்பது மனைவியின் திட்டம். திரைச்சீலை மாற்றினாள், சோபா உறை மாற்றினாள். கேட் மட்டும்தான் சொல் பேச்சு கேட்காமல் உரிந்துகொண்டு நின்றது.

வியாழக்கிழமை பக்கத்து ஊர் காப்பாரிலிருந்து ஒரு பெயிண்டர் வந்தார். மேலோடு ஒரு கோட் அடித்துவிட்டுப் போகும் எண்ணத்தில் வந்த மனிதரை நான் விடவில்லை. பழைய பெயிண்டையும் துருவையும் தேய்த்தெடுத்து வெறும் இரும்பு பளபளக்கும் வரை மிஷின் போட வைத்தேன். பெயிண்ட் பிடிக்கக் கூர் விளிம்பையெல்லாம் மழுக்கச் சொன்னேன். அவர் மிஷினை நிறுத்திவிட்டு, "அங்கிள், இது வீட்டு கேட்டா, கப்பலா?" என்றார்.

அன்று பிற்பகல் மழை. அந்த வாரம் முழுக்க மத்தியானத்துக்கு மேல் வானம் அப்படித்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலை டார்ச் லைட்டோடு போய்ப் பார்த்தால் வெறும் இரும்பின் மேல் மஞ்சள் பூசியது போல் துரு படர்ந்திருந்தது; அதன் மேல் பனி முத்து முத்தாக.

மனைவி குளித்து, நாட்காட்டித் தாளோடு வந்தாள். ஆறிலிருந்து ஏழு வரை நல்ல நேரம், அதற்குள் அடித்தாக வேண்டும். அவள் சொன்னபடி இருட்டிலேயே வந்துவிட்ட பெயிண்டருக்குச் சனிக்கிழமை வேறு வேலை.

என்னிடம் இரண்டு வெப்பமானிகள் பூட்டிய ஒரு கருவி உண்டு. கிலுகிலுப்பை மாதிரிச் சுழற்றினால் காற்றில் எவ்வளவு ஈரம் என்று சொல்லும். தெருவில் நின்று சுழற்றினேன். எதிர்வீட்டுச் சீன ஆன்டி, கொசு விரட்டுகிறேனா என்று மலாயில் விசாரித்தார். ஈரம் எண்பத்தைந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது; இரும்பின் சூடு, பனி படியும் நிலையைவிட மூன்று டிகிரியாவது கூட இருக்க வேண்டும். இரண்டுமே தோல்வி. வெயில் ஏறிப் பத்தரை மணிக்குத்தான் அடிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னேன்.

"வெள்ளிக்கிழம பத்தரைக்கு ராகு காலம்," என்றாள் மனைவி.

"ராகு காலம் முடிஞ்சு பன்னெண்டுக்கு அடிச்சா மழையில கரையும்."

"அதான் ஆறு மணிக்கு அடிக்கச் சொல்றேன்."

பெயிண்டரைப் பார்த்தேன். ராகு காலத்தில் தானும் புது வேலை தொடங்குவதில்லை என்று சொல்லிவிட்டு, பிரஷ்ஷை ஆராயத் தொடங்கினார். நான் விடவில்லை. ஈரத்தில் அடித்த பெயிண்ட் எப்படிக் கொப்பளிக்கும், எப்படித் தோல் தோலாகக் கழன்று வரும் என்று உதாரணங்களோடு விளக்கினேன். மனைவி பொறுமையாகக் கேட்டாள். அதுவே எனக்குச் சந்தேகத்தைத் தந்திருக்க வேண்டும்.

"ஏங்க, இவ்வளவு பேசுறீங்களே, இந்தப் பெயிண்ட் எவ்வளவு நாளைக்குத் தாங்கணும்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

எந்த வேலையிலும் உரிமையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அது. நான் கேட்டிருக்கவில்லை. வீடும் அவள் பெயரில்தான் இருக்கிறது.

"எவ்வளவு நாளைக்கு?"

"ஞாயித்துக்கிழம சாயங்காலம் வரைக்கும். கல்யாணத்துக்கு எப்படியும் இன்னொருவாட்டி அடிக்கணும்லா."

என் போன்ற இன்ஸ்பெக்டர் குறையைச் சொல்லலாம். ஏற்பதும் மறுப்பதும் உரிமையாளர் விருப்பம். நடைமுறை அதுதான், நான் நடைமுறையை மீறாதவன். விலகி நின்றேன். மனைவி வெறும் இரும்பின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். எந்தத் தர விதியிலும் இடம்பெறாத அந்தப் பூச்சின் மேல், பெயிண்டர் வாசல் விளக்கு வெளிச்சத்தில் பழைய துண்டால் பனியைத் துடைத்துத் துடைத்து சாக்லேட் நிறத்தை ஏற்றினார். ஏழு மணிக்கு கேட் புதுக் கார் போல் மின்னியது. நான் உள்ளே போய்ப் பேப்பர் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். பையனின் அம்மா நேரே உள்ளே வந்துவிட்டார். அப்பா எதையும் தொட்டுப் பார்க்கும் ரகம். கேட்டருகே நின்று, நல்ல வேலைப்பாடு என்பது போல் தலையாட்டி, ஒரு கம்பியை விரலால் வருடி, நகத்தால் லேசாகத் தட்டினார். கட்டைவிரல் அகலத்துக்குப் பெயிண்ட் கழன்று அவர் கையோடு வந்தது. அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அதை இருந்த இடத்திலேயே வைத்து அழுத்தினார். விழுந்தது. எடுத்து மறுபடி அழுத்தினார். நிமிர்ந்தபோது வாசலில் நானும் மனைவியும் நின்றிருந்தோம்.

"மன்னிச்சுக்குங்க," என்றார். முகம் வியர்த்திருந்தது. "புதுசா அடிச்ச கேட்ட கெடுத்துட்டேன்."

காரணம் என்ன, பொறுப்பு யாருடையது என்று, பிறர் கேட்காமலே சொல்லிப் பழகிய வாய் இது. திறந்தேவிட்டது. மனைவி என்னைப் பார்க்கக்கூட இல்லை. என் காலை மட்டும் மிதித்தாள்.

"பரவால்ல சம்பந்தி," என்றேன். "புதுப் பெயிண்டு கொஞ்சம் மெத்துன்னுதான் இருக்கும்."

வடையும் தேநீரும் வந்தன. பையனின் அம்மா கோவில் மண்டபத்தின் வசதிகளை, கார் நிறுத்தும் இடத்திலிருந்து ஆரம்பித்தார். சம்பந்தி ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிள்ளான்லயே வச்சிக்கலாம்," என்றார் திடீரென்று. "ஏற்கனவே நம்மளால அவங்களுக்குச் சிரமம்."

பையனின் அம்மா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வை வீட்டுக்குப் போய்த்தான் விளக்கம் பெற்றிருக்கும். என் மனைவி சிரிக்கவில்லை. சம்பந்தியின் தட்டில் இன்னொரு வடை வைத்தாள்.

போகும்போது சம்பந்தி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, எதிலும் படாமல், கேட்டுக்கு நட்டநடுவே நடந்து வெளியே போனார்.