துவக்கோடு படம் எடுத்த எங்கள் அக்கா

"டேய் தம்பி, எழுதுறதை எழுது. ஆனா அந்தத் துவக்குக் கதையை மட்டும் எழுதிப்போடாதை. நாலு சனத்தின்ரை கையிலை போற புத்தகம்."

அம்மாவின் கடைசித் தம்பியான எங்கள் சின்ன மாமா, அக்காவின் செத்தவீடு முடிந்த கையோடு தொலைபேசியில் எனக்குச் சொன்ன புத்திமதி இது. அவர் மட்டுமல்ல, வேறு சிலரும் சாடைமாடையாகச் சொன்னார்கள். ஆகையால் அதைத்தான் எழுதப் போகிறேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்கள் பொறுத்தருள வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் பஞ்சபுராணப் பக்கத்தோடு மூடி வைத்துவிடலாம். அது முன்னுக்கே இருக்கிறது.

அக்கா வலிகாமத்தில் செம்மண் கிராமம் ஒன்றில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தார். நான் கடைக்குட்டி. அப்பா காலமானபோது எனக்குப் பள்ளிக்கூடக் காற்சட்டை போடத் தெரியாத வயது. அக்கா தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் படித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் டுபாய்க்குப் போனார். கட்டடச் சாமான் விற்கும் கொம்பனி ஒன்றில் வேலை. எழுத்து வேலை செய்த கந்தோர் தேராவில், கிடங்கு அல் கூஸில், தங்கியது பர் டுபாயில் இரண்டு மலையாளப் பெண்களோடு ஒரே றூமில். எங்கள் வீட்டுக் கூரைக்கு ஓடு வந்ததும் நான் உயர்தரம் படித்ததும் அந்த றூமில் இருந்து வந்த காசில்தான். இதை எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். இதுவரைக்கும் எழுதினால் சின்ன மாமாவுக்கும் சந்தோசம்.

கொம்பனி முதலாளி அந்த நாட்டு அரபி. எல்லாரும் அவரை அர்பாப் என்றே அழைப்பார்கள். அக்காவுக்கு விசா எடுத்துக் கொடுத்த கஃபீலும் அவர்தான். அவருக்குத் துவக்கு, துப்பாக்கி என்றால் உயிர். குளிர்காலம் வந்தால் வெள்ளிக்கிழமைகளில் ஹத்தா மலைப் பக்கம் உள்ள அவருடைய தோட்டத்துக்குத் துவக்குப் பைத்தியங்கள் எல்லாம் வந்து சேரும். முதல் தடவை கந்தோர்க்காரரையும் சுற்றுலாவாக அழைத்துப் போனார்கள். ஆண்கள் தகரப் பேணிகளைச் சுட்டுத் தவறவிட்டுக் கொண்டிருந்தார்கள். சிரித்ததற்குத் தண்டனையாக அக்காவின் கையில் ஓர் எயார் ரைபிளைக் கொடுத்தார்கள். பேணி விழுந்தது. விழுந்தது பேணி மட்டுமல்ல என்று அக்கா பிறகு அடிக்கடி சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி அக்கா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். மணலில் பெரிய கம்பளம் விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி போட்டு, ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் துவக்குகளைப் பரப்பி வைப்பார்கள். குழல்கள் எல்லாம் மலைப்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். பிறகு தேநீர். பிறகு புளுகு. கலியாண வீட்டில் பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் பார்க்கிற பார்வைதான். அர்பாப் தகப்பன் வழி வந்த, வெள்ளிப் பூண் கட்டிய நீளத் துவக்குகளைக் காட்டுவார். அவற்றைச் சுடுவதில்லை, துடைப்பது மட்டும்தான். ஓர் இங்கிலீஷ் எஞ்சினியரின் ரைபிள் வெல்வெட் வைத்த பெட்டியில் மணப்பெண் மாதிரி வரும். அவர் பக்கத்தில் யாராவது பேரீச்சம்பழம் தின்ற கையோடு போனால் முகம் சிவந்துவிடும். அபுதாபி முசஃபாவில் கராஜ் வைத்திருந்த பாகிஸ்தான்காரர் இக்பால் பாய் தன்னுடைய இரட்டைக்குழல் துவக்கின் கட்டைக்கு எந்த எண்ணெய் எத்தனை தரம் பூசினார் என்று தொடங்கினால் வெயில் சாயும்வரை நிறுத்த மாட்டார்.

அக்கா மிச்சம் பிடித்துத் தன் முதல் எயார் ரைபிளை வாங்கினார். பழையது, கட்டையில் கீறல் விழுந்தது. அர்பாப்பே பொலிசில் அனுமதி எடுத்துக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய் அந்த வெள்ளைத் துணியில் வைத்த அன்று இக்பால் பாய் விழுந்து விழுந்து சிரித்தாராம்.

"பஹன், இஸ்ஸே மச்சர் மரேகா க்யா?" இதால் கடிக்கிற நுளம்பாவது சாகுமா என்று கேட்கிறார்.

"பாய், உங்கடை துவக்குக்கு எண்ணெய் பூசியே சீவன் போகுது. அது சுட்டதை நான் இன்னும் காணேல்லை," என்று அக்கா தன்னுடைய யாழ்ப்பாணத்து ஹிந்தியில் திருப்பிக் கொடுத்தார். அன்றிலிருந்து இக்பால் பாய் அக்காவுக்கு இடப்பக்கத்தில் ஓர் இடம் பிடித்து வைப்பார்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. யார் கையிலிருந்து துவக்கை வாங்கினாலும் வாங்கியவர் முதலில் அதைத் திறந்து, உள்ளே வெறுமையா என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் கதை. அக்காவுக்கு இது தெரியாது. அர்பாப் முதல்முறை தன் துவக்கை நீட்டியபோது, ஐயர் கொடுக்கும் திருநீற்றை வாங்குவது போல இரண்டு கையாலும் ஏந்தி, தலையையும் குனிந்து நின்றிருக்கிறார். பெரிய மனிதர் தருவதைத் திறந்து பார்ப்பது மரியாதைக் குறைவு என்ற எங்கள் வளர்ப்பு. எல்லாரும் சிரிக்க, அர்பாப் மட்டும் சிரிக்கவில்லை. "மிஸ், துவக்குக்கு முன்னால் அர்பாப் மாஃபி. திற, பார்," என்றாராம். அதாவது அங்கே முதலாளி என்று ஒருவர் கிடையாது. இந்த ஒரு சொல்லை அக்கா சாகும்வரை மறக்கவில்லை.

இனிப் படத்துக் கதை. கல்ஃபுக்குப் போன எங்கள் ஆட்கள் ஊருக்கு அனுப்பும் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யாரோ ஒருவருடைய காரில் சாய்ந்துகொண்டு, யாரோ ஒருவருடைய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். என் அக்கா தன் சொந்தத் துவக்கோடு நின்று எடுத்து அனுப்பினார். சீலை கட்டி, பொட்டு வைத்து, குழலை நிலம் பார்க்கப் பிடித்து, வாயெல்லாம் பல்லாக. லீவில் வந்த ஒருவரின் பெட்டிக்குள் அது ஊருக்கு வந்தது. அக்கா டுபாயில் இருந்துகொண்டு, ஊர் தான் விட்டுப்போன மாதிரியே இருக்கிறது என்று நினைத்திருக்கிறார். எங்களுக்கோ ஆமி இயக்கத்து ஆட்களை ஒழுங்கை ஒழுங்கையாகத் தேடுகிற காலம். துவக்கோடு நிற்கும் தமிழ்ப் பெண்ணின் படம் வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

"எரி அக்கா, இப்பவே எரி," என்றார் சின்ன மாமா அம்மாவிடம்.

"உயிரோடை இருக்கிற பிள்ளையின்ரை படத்தை ஆரும் நெருப்பிலை போடுவினமோ? உனக்கென்ன விசரே?" என்று அம்மா கத்தினார். கிழிக்கவும் மனம் வரவில்லை. அலுமாரியில் தன் கூறைச் சீலை மடிப்புக்குள் வைத்தார். ஆமியின் அடுத்த சுற்றிவளைப்பில் அந்தச் சீலையை உதறினார்கள். படம் விழுந்தது. வீட்டில் இருந்த ஆண்பிள்ளை நான். என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அக்காவுக்குத் தந்தி போனது. அர்பாப் ஒரு கேள்வி கேட்கவில்லை. தன்னிடம் இருந்த அக்காவின் பாஸ்போர்ட்டையும் பிளேன் ரிக்கற்றையும் கொடுத்து, "யல்லா, முதலில் தம்பி. மற்றதெல்லாம் பிறகு," என்று அனுப்பிவிட்டார். அக்கா கொழும்பில் இறங்கி, ரயிலேறி, நேரே வீட்டுக்கு வந்தார். காலையில் அம்மாவையும் சின்ன மாமாவையும் கூட்டிக்கொண்டு முகாமுக்கு நடந்தார். வழியெல்லாம் மாமா கெஞ்சியிருக்கிறார்.

"பிள்ளை, சும்மா படத்துக்குப் பிடிச்சனான் எண்டு சொல்லு. ஆரோ அரபியின்ரை சாமான் எண்டு சொல்லு. சனம் காரிலை சாஞ்சு நிண்டு எடுக்கிறேல்லையே, அது மாதிரி."

"என்ரையை ஏன் மாமா மற்ற ஆக்களின்ரை எண்டு சொல்லோணும்? நான் களவே எடுத்தனான்?"

"உன்ரை வாய்தான் அவனைக் கொல்லப் போகுது!"

இதற்குப் பிறகு நடந்ததை அம்மா தன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி அழுதும் சிரித்தும் இருக்கிறார். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி படத்தைத் தூக்கிக் காட்டி, இது யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நான்," என்றார் அக்கா. துவக்கு யாருடையது? "என்னுடையது. இன்னும் ஒன்று வைத்திருக்கிறேன், அது இதைவிட நல்லது." மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா டுபாய் பொலிசின் அனுமதிப் பத்திரத்தை மேசையில் வைத்தார். அது அரபியில் இருந்தது. அந்த மனிதருக்கு அது விளங்குமா?

அவர் எழும்பிப் போய், மூலையில் ஊராரிடம் பறித்துப் போட்டிருந்த குருவி சுடும் எயார் ரைபிள் ஒன்றை எடுத்து வந்து, திடீரென்று அக்காவிடம் நீட்டினார். அக்கா வாங்கினார். குழலை ஒருவரும் நில்லாத சுவர்ப் பக்கம் திருப்பினார், மடித்துத் திறந்தார், உள்ளே பார்த்தார், திறந்தபடியே மேசையில் வைத்தார். பிறகுதான் தலை நிமிர்ந்து, "இதைக் கவனியாமல் விட்டிருக்கிறீர்கள், குழலெல்லாம் துரு," என்றார்.

அந்த அதிகாரி துருவை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, தானும் பள்ளிக்கூடக் காலத்தில் போட்டிக்குச் சுட்டவன் என்றார். எவ்வளவு தூரத்துக்குச் சுடுகிறீர்கள், எந்த நாட்டுத் துவக்கு, குறிபார்க்கும் முனை எப்படி என்று கேட்டார். அக்கா பதில் சொன்னார். கம்பளத்தில் இருந்து கதைக்கிற மாதிரியே கைகளை ஆட்டி ஆட்டிச் சொன்னாராம். இயக்கத்தில் சேர்ந்து காட்டுக்குள் பழகியவர்களின் கைக்கும் விளையாட்டாகப் பழகியவர்களின் கைக்கும் வித்தியாசம் அந்த அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்று பின்னேரம் என்னை விட்டார்கள். வாசலில் வைத்து அக்கா, "என்ரை படத்தைத் தாங்கோ," என்று திரும்பப் போனதும், அம்மா அவரின் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்ததும் எனக்கு நேரே தெரியும். படம் கிடைக்கவில்லை.

எங்கள் உறவு இதற்காக அக்காவைக் கும்பிட்டிருக்க வேண்டும். என்ன செய்தது? "துவக்குக்காரி" என்று பட்டம் கட்டியது. அக்காவுக்குப் பேசி முடித்த கலியாணம் குழம்பியது. "தம்பியைத் தின்னப் பார்த்தவள்" என்று ஒரு பெரிய மனுசி அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார். அக்கா அடுத்த பிளேனில் டுபாய்க்குப் போய் மூன்றாவது எயார் ரைபிளை வாங்கினார். அது கோபத்தில் வாங்கியது என்று அவரே சொல்வார். நல்ல கோபம்!

அல் கூஸ் கிடங்கில் ஸ்ரோர் பார்த்த, மலையகத்து ஹட்டன் பக்கத்து அத்தான்தான் பிறகு அக்காவைக் கேட்டு வந்தார். துவக்கு விசயம் தெரியுமோ என்று அக்கா முதலே கேட்டிருக்கிறார். "தெரியுமுங்க. எனக்கும் ஒரு தடவ சுடத் தருவீங்களா?" என்றாராம் அத்தான். அந்தக் கலியாணத்துக்கும் எங்கள் ஆட்கள் முகம் சுளித்தார்கள். அத்தான் அக்காவைக் கடைசிவரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சுளித்த முகங்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

பின்னாளில் கனடா வந்தும் தோள் மூட்டு விடும்வரை அக்கா சுட்டார். சமைத்தார், கோயிலுக்குப் போனார், எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார், யாருக்கும் பணிந்து போகவில்லை. நோய் வந்து படுத்த கடைசிக் கிழமையில் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, முகாமுக்குள்ளை உனக்கு அடிச்சவங்களோ?"

"இல்லை அக்கா. நீங்கள் பேசாமல் படுங்கோ."

எத்தனையோ வருசமாக அவர் கேட்பதும் நான் இப்படிச் சொல்வதும்தான். அன்றைக்கு அவர் நம்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். தம்பியைத் தின்னப் பார்த்தவள் என்ற அந்தச் சனங்களின் பேச்சை அவர் வெளியே உதறிவிட்டாலும் உள்ளே சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். அதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

அக்காவை இரவு பகலாகப் பார்த்த அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும், மருத்துவமனைத் தாதியருக்கும், கிரியைகளை நடத்திய ஐயாவுக்கும், சாப்பாடு சமைத்துக் கொண்டுவந்த அயலவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கேள்விப்பட்டதும் லாகூரிலிருந்து அழைத்து, "என் இடப்பக்கம் காலியாகிவிட்டது" என்று குழந்தை மாதிரி அழுத இக்பால் பாய்க்கும் நன்றி. அர்பாப் இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அவர் பெயரைத்தான் முதலில் எழுதியிருப்பேன்.

கடைசியாகச் சின்ன மாமாவுக்கும், அவரோடு சேர்ந்து கதைத்தவர்களுக்கும் ஒரு சொல். அடித்தார்கள். அக்காவிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். ஆனால் அந்தச் சுற்றிவளைப்பில் எங்கள் ஒழுங்கையில் என்னோடு சேர்த்து வேறு பெடியன்களையும் கொண்டுபோனார்கள். அவர்களையும் அடித்தார்கள். நான் வந்தேன், அவர்களில் இருவர் இன்றுவரை வரவில்லை. உங்களுக்கும் அந்த வீடுகளைத் தெரியும், அந்தத் தாய்மாரையும் தெரியும்.

அந்த வீடுகளில் எந்த அக்காவின் படம் இருந்தது, மாமா?