மழை வலி, பஸ் வலி

"தல வலிக்குதா?"

அப்பா இதைத் தினமும் காலையில் கேட்க ஆரம்பித்தபோது எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். இருட்டோடு உப்பளத்துக்குப் போய்ப் பாத்திகளைப் பார்த்துவிட்டு, கஞ்சி குடிக்க வீட்டுக்கு வருவார். நான் அப்போதுதான் தலை சீவிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பேன். கையில் சொம்போடு கதவோரம் நின்று கேட்பார். "இல்ல" என்றால் உட்கார்ந்து நிதானமாகக் குடிப்பார். "லேசா" என்றால் நின்றபடியே குடித்துவிட்டு ஓடுவார்.

அவர் பாசமாக விசாரிக்கிற மனிதர் இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையை வாங்கி டிவி மேல் வைத்துவிட்டு, அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அப்படிப்பட்டவர் திடீரென்று என் தலையைப் பற்றிக் கேட்டால், அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். நான் கண்டுபிடித்த காரணம் இதுதான்: வேலை இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல ஆதாரம் சேர்க்கிறார். போதுமான அளவு சேர்ந்ததும் வேலையை விடச் சொல்வார், மாப்பிள்ளை பார்ப்பார். எனக்கு அந்த வேலை போகக் கூடாது. அதனால் வலித்தாலும் பல நாள் "இல்ல" என்றே சொன்னேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே எல்லாம் கூடுதலாகப் படும். உப்பு விளைந்த பாத்தி வெயிலில் வெள்ளைத் தகடு மாதிரி கண்ணில் அடிக்கும். மற்ற பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரப்பில் ஓடுவார்கள், நான் அம்மாவின் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். கோயில் திருவிழாவில் மைக்செட் போட்டால் சோறு இறங்காது. பக்கத்து வீட்டில் இரண்டு பேர் சண்டை போட்டால் அவர்கள் சமாதானமாகிச் சினிமாவுக்குப் போன பிறகும் எனக்கு நெஞ்சு படபடக்கும். இதற்கு எங்கள் வீட்டில் முதலில் "பூஞ்ச உடம்பு" என்று பெயர். அப்புறம் "நடிப்பு" என்றார்கள். நான் கல்லூரிக்குப் போன பிறகு "படிச்ச திமிரு" ஆனது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமைதான். கண் பரிசோதனைப் படிப்பு படித்தேன். கோட்டக்குப்பம் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை. இருட்டறையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா" என்று மெதுவாகக் கேட்க வேண்டும். எனக்காகவே யாரோ செய்து வைத்த மாதிரியான வேலை. தெரியாத எழுத்தைத் தெரிகிறது என்று சொல்லும் நோயாளியின் மூச்சு கொஞ்சம் மாறும். அது என் காதில் விழுந்துவிடும்.

என்னைப் போன்றவர்களுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று ஒருநாள் போனில் படித்தேன். அதிக உணர்திறன் கொண்டவர்களாம். படித்ததும் சந்தோஷம் வரவில்லை. யாரோ எதையோ விற்க வருகிறார்கள் என்றுதான் தோன்றியது. மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னார்கள், வெந்நீர்த் தொட்டியில் படுக்கச் சொன்னார்கள், தோட்டத்தில் உலாவச் சொன்னார்கள். எங்கள் வீட்டுக் குளியலறைக்குக் கதவு வந்ததே சமீபத்தில்தான். அந்தப் பெயர் யாருக்காக வைத்தது என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் அதில் ஒரு விஷயம் மனதில் நின்றது. உடம்பைத் திட்டிப் பயனில்லை, அன்றாடப் பொழுதை அதற்கேற்ற மாதிரி அமைத்துக்கொள்ளலாம்.

அமைத்துக்கொண்டேன். கறுப்புக் குடை, காதில் பஞ்சு, மதியச் சாப்பாட்டை எல்லோரும் பேசுகிற அறையில் சாப்பிடாமல் பின்படிக்கட்டில் சாப்பிடுவது. கூட வேலை செய்கிறவர்கள் ஒதுங்கிப் போகிறாள் என்று பேசியிருப்பார்கள். பேசட்டும். சாயங்காலம் கடைசி நோயாளியிடமும் எரிந்து விழாமல் பேச என்னால் முடிந்தது.

பஸ்ஸை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மரக்காணத்திலிருந்து ஈசிஆர் வழியாகப் போகவும் வரவும் பாட்டு, ஹாரன், ஜன்னலில் அடிக்கும் வெயில். ஒரு நாள் புதிதாக மாட்டிய ஸ்பீக்கருக்கு நேர் கீழே இடம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். காலையில் எழுந்தபோதும் நெற்றிப் பொட்டு இரண்டும் தெறித்தது. அப்பா கேட்டார். பொய் சொல்லக்கூடத் தெம்பில்லாமல் "ரொம்ப வலிக்குது" என்றேன். அவர் கஞ்சியைத் தொடாமல் ஓடினார்.

சரி, சாயங்காலம் அம்மாவிடம் பேசப் போகிறார், இன்றைக்கு வேலைக்கு முடிவு கட்டிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களில் வெயில் மட்டும் கொளுத்தியது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனபோது, எங்களுக்குப் பக்கத்துப் பாத்தியில் உப்பு எடுக்கும் மாமா டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, தலவலி எப்படி இருக்குது?"

"உங்களுக்கு யாரு சொன்னது மாமா?"

"யாரு சொன்னதா? உந்தலைய நம்பித்தானே நானும் வாரினேன்! உப்பு இன்னும் கல்லே புடிக்கல. உங்கப்பன் வந்து, 'டேய், பாப்பாவுக்கு வலிக்குதாம், மழை வரப்போவுது, வாரிடு'ன்றான். ரெண்டு பேரும் முதுகு ஒடிய வாரிக் குமிச்சு ஓலை போட்டு மூடிட்டு ஒக்காந்தா, வெயிலு எங்கள பாத்து சிரிக்குது."

டீக்கடைக்காரர் சிரித்தார். மாமா விடவில்லை. "நாளைக்கு எங்க வீட்ல மொளகா காய வைக்கணும்னு ஒங்க அத்த கேட்டா. வைக்கலாமா வேணாமா, உந்தலைய கேட்டு சொல்லிட்டு போ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உப்பு கெட்டியாவதற்குள் வாரினால் அது பொடியாகத்தான் இருக்கும், நல்ல விலைக்குப் போகாது. வாராமல் விட்டு மழை வந்தால் பாத்தியிலேயே கரைந்து போகும். கோடையில் எங்கள் ஊர் ஆண்கள் முழுநேரமும் இதைத்தான் யோசித்துக்கொண்டிருப்பார்கள். அந்த யோசனையில் என் தலையும் ஒரு கருவியாகச் சேர்ந்திருந்தது, எனக்கே தெரியாமல்.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அப்பா மறைக்கவில்லை.

"போன கோடையில நீ படுத்தப்பல்லாம் மழ வந்துச்சு. நான் பாத்துகினுதான் இருந்தேன்."

அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். "போனைத் தொட்டா மழை வருமா வராதான்னு காட்டுது. இந்த மனுசன் பொண்ணு மண்டையப் பாக்குறாரு!"

"போனு திண்டிவனத்துக்கு சொல்லும். என் பாத்திக்கு சொல்லுமா?" என்றவர் என்னைப் பார்த்துத் திரும்பினார். "நீதான் சரியா சொல்லணும். வலின்னு மொட்டையா சொன்னா எப்படி? மழை வலியா, பஸ் வலியா?"

நடிப்பு என்று சொன்ன அதே வாய். என் வலி நிஜம் என்று அவர் நம்ப, அதனால் உப்புக்கு ஒரு லாபம் இருக்க வேண்டியிருந்தது. அந்தக் கோபத்தில்தான் பல நாளாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். பெரிய முதலியார்சாவடியில் ரூம் எடுத்துத் தங்கப் போகிறேன். ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம், பஸ் கிடையாது. இப்படியே தினமும் போய் வந்தால் என்னால் இந்த வேலையில் நீடிக்க முடியாது.

"அதெல்லாம் வேணாம்" என்றார் அப்பா. "பொம்பளப் புள்ள தனியா என்ன ரூமு?"

ஊர் என்ன சொல்லும் என்ற பயமா, கோடை முடியும்வரை என் தலை வீட்டிலேயே இருக்க வேண்டும் என்ற கணக்கா? அவர் குரலை நான் நன்றாகக் கேட்டேன். எதையும் சீக்கிரம் கேட்டுவிடுகிற காது எனக்கு. அதில் இரண்டும் இருந்தது.

மறுநாளிலிருந்து அவர் என் தலையைப் பற்றிக் கேட்கவில்லை. நானாகவும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் உளவு பார்த்துக்கொண்டிருந்தோம். நான் நெற்றியைத் தொட்டால் அவர் கண் அங்கே வரும். அவர் வானத்தைப் பார்த்தால் நான் வலியே இல்லாத மாதிரி வேண்டுமென்றே ஒரு பாட்டை முணுமுணுப்பேன்.

பிறகு ஒரு ஞாயிறு, சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "எந்த வீடுன்னு காட்டு. பாத்துட்டு சொல்றேன்."

பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

வீட்டுக்காரம்மா கீழே குடியிருந்தார். மாடியில் ரோட்டைப் பார்த்த அறை, என் சம்பளத்துக்குக் கிடைத்தது அதுதான். காற்றும் வெளிச்சமும் நிறைய என்று அவர் பெருமையாகக் கதவைத் திறந்தார். அப்பா உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார்.

"பஸ்ஸு எல்லாம் இந்த வழியாத்தான் போவுதா?"

"ஆமாண்ணா, வாசல்லயே ஸ்டாப்பிங். பொண்ணுக்கு வசதி."

"அந்தப் பெரிய கட்டடம்?"

"கல்யாண மண்டபம்."

"ராத்திரில இந்தத் தெரு லைட்டு உள்ள அடிக்குமே?"

"அடிக்குண்ணா. கரண்டு மிச்சம்" என்று சிரித்தார்.

அப்பா மோந்து பார்த்தார். "புதுசா பெயிண்டு அடிச்சிருக்கீங்க. இவளுக்கு ஆவாது."

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இருபத்து மூன்று வருடத்தில் எனக்கு எது எது ஆகாது என்று ஒரு நாளும் கேட்காதவர், அத்தனையும் சரியாக வரிசையாகச் சொல்கிறார். எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இப்போது அதை எனக்கு எதிராகவே எடுத்து வைக்கிறார். "அப்பா, வா போலாம், வேற வீடு நானே பாத்துக்கறேன்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அவர் நடையின் கடைசிவரை போய் அங்கே சாத்தியிருந்த கதவைத் தள்ளிப் பார்த்தார்.

"இது?"

"அது சாமான் போடற ரூமுண்ணா. பின்பக்கம். சவுக்குத் தோப்பத் தவிர ஒண்ணும் தெரியாது. ஜன்னல் வேற சின்னது."

"சின்னதாவே இருக்கட்டும்."

உள்ளே பழைய கட்டில், உடைந்த நாற்காலிகள், மூட்டைகள். அவற்றுக்கு நடுவில் போய் நின்று கதவைச் சாத்திக்கொண்டார். வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தார்.

"நீ வந்து நில்லு."

நின்றேன். தோப்பில் காற்று போகிற சத்தம் மட்டும் மெலிதாக வந்தது. ரோடு இருக்கிற மாதிரியே தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாத்தியில் உப்பு கட்டிவிட்டதா என்று குனிந்து பார்ப்பாரே, அதே பார்வை. அந்தப் பார்வையில் இருந்தது நானா, உப்பா? என் காது கெட்டிக்காரக் காதுதான், ஆனால் அவர் ஒன்றும் பேசாததால் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்றைக்கு வரைக்கும் முடியவில்லை.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தார். "இதெல்லாம் எங்க போடணும்னு சொல்லும்மா" என்றார் வீட்டுக்காரம்மாவிடம். அந்த அம்மாவுக்கு மறுக்கத் தெரியவில்லை. மாடிப்படிக்குக் கீழே இடம் காட்டினார். நானும் நாற்காலிகளை எடுத்தேன். அறை காலியானதும் அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"இதுக்கு எத்தன சாவி?"

"ரெண்டு இருக்குதுண்ணா."

அவர் கையை நீட்டினார். நான் குறுக்கே போய் நின்றேன்.

"ரெண்டையும் எங்கிட்டயே குடுங்கக்கா" என்றேன்.