அப்பாவின் பவுடர் டப்பா

ஓசூரில் வேலை போய், பங்காருபேட்டைக்கு நடந்துகொண்டிருந்தேன். வழியில் ஒரு குழந்தை கிலுகிலுப்பையை ஆட்டியது; அப்பாவின் டப்பா ஞாபகம் வந்தது.

ஊரிகத்தில் அப்பாவுக்குத் தங்கச் சுரங்க வேலை. சனிக்கிழமைகளில் கிளப்பில் ஜாஸ் குழுவுக்குத் தாளம் தட்டுவார். புதிதாக வந்த பிரேசில் தாளமான போஸா நோவாவுக்கு மெல்லிய சலசலப்பு வேண்டுமென்று பவுடர் டப்பாவில் அரிசி, உளுந்து, மணல் என்று மாற்றி மாற்றிப் போட்டு, காதருகே ஆட்டி, சலித்து, கடைசியில் சுரங்கத்துப் பொடிக்கல்லை நிரப்பிக்கொண்டு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தார். உள்ளேயிருந்து எந்தக் கல்லை எடுத்தாலும் திருட்டுதான்.

வாசலில் சோதனை போட்ட வாட்ச்மேன், “இன்னா நைனா, தங்கத்த டப்பால போட்டுக்னு போறியா?” என்றார்.

“தாளத்துக்குங்க. ஆட்டிக் காட்டட்டுங்களா?”

ஆட்டினார். ஷிப்ட் முடிந்து வந்த எல்லோரும் கைதட்டினார்கள். வேலை போயிற்று, கம்பெனி கொடுத்த லைன் வீடும் போயிற்று. அதன்பின் அப்பா எதையும் தட்டவில்லை.

நான் நடந்து போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, பங்காருபேட்டையில் ஜல்லி சலிக்கும் வேலையில் சேர்ந்தேன்; சல்லடையில் அதே சலசலப்பு. வேறு வேலை கிடைக்கவில்லை.