முப்பதாம் வீட்டில் மூன்று பேர்

ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் மீட்டர் அக்கா இருபத்தொன்பது வீடுகளுக்கு ஃபோன் செய்வார். கேள்விகள் நான்குதான். மின்சார மீட்டர் எவ்வளவு, தண்ணீர் மீட்டர் எவ்வளவு, வாரக் குப்பையின் எடை எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர். முதல் மூன்றையும் கடையில் விலை கேட்பவர் மாதிரி விறுவிறுவென்று கேட்டுவிடுவார். நான்காவது வரும்போது மட்டும் நாற்காலியை மேஜையருகே இழுத்துக்கொள்வார்.

“பாப்பா பிறந்தாச்சா? அடடே, எப்போ? சரி, அப்போ அஞ்சுன்னு போட்டுக்கறேன்.”

“மாமியார் வந்திருக்காங்களா? எத்தனை நாளாச்சு? அதெல்லாம் முடியாது சார். பதினஞ்சு ராத்திரி தங்கிட்டா ஆள் கணக்குல வந்துடுவாங்க. மாமியாரா இருந்தாலும் ஆள்தான்.”

பதினைந்து இரவு என்ற விதி அவர் போட்டதுதான். எங்கள் ஆய்வு மையத்தின் கையேட்டில் அது ஏழாம் பக்கத்தில் இருக்கிறது.

பசுமை அரசியல், நீடித்த வளர்ச்சி என்று அறிக்கை எழுதி, அதைச் சட்டம் போடுகிறவர்களின் மேஜைக்கு அனுப்புவது எங்கள் பிழைப்பு. மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடி. மற்ற மையங்கள் ஊர் ஊராய் எடுத்த புள்ளிவிவரங்களைத்தான் நாங்களும் எடுத்தாண்டோம். எங்களுடையது என்று மார்தட்டிக்கொள்ள இருந்தது இந்த முப்பது வீடுகளின் கணக்கு மட்டும். ஒரு வீடு மொத்தம் செலவழிப்பதை அங்கிருக்கும் ஆட்களால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு என்று தெரியும். எந்த வீடு யாருடையது என்ற பட்டியல் அக்காவின் இழுப்பறையில் பூட்டிக் கிடக்கும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்தான்.

அலுவலகத்தில் மின்சாரச் சிக்கனம் கடுமை. ஆள் அசையாவிட்டால் விளக்கு தானாக அணைந்துவிடும். யோசனையில் ஆழ்ந்தவர்கள் திடீரென்று கையைத் தூக்கி ஆட்டுவார்கள். புதிதாக வருகிறவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து எழுந்து போவார்கள். நானும் முதல் நாள் போயிருக்கிறேன்.

நான் அங்கே அறிக்கைகளை இரண்டு மொழிகளிலும் எழுதிச் செப்பனிடுகிறவன். வேலை ஒப்பந்தம் வருடத்துக்கு ஒரு முறை, வேறு நாட்டிலிருந்து வந்தவன் என்பதால் விசாவும் வருடத்துக்கு ஒரு முறை. இரண்டும் ஒரே மாதத்தில் முடியும். அதனால் இயக்குநர் இருமினால்கூட நான் நாட்காட்டியைப் பார்ப்பேன்.

அக்கா மையத்துக்கு வருவதற்கு முன் பதினொரு வருடம் மின்வாரியத்தில் மீட்டர் பார்த்தவர். “உலகத்தையே நாய் இருக்கிற வீடு, நாய் இல்லாத வீடுன்னு ரெண்டாப் பிரிச்சவ நான்,” என்பார். முழங்கால் தேய்ந்து படியேற முடியாமல் போனபோது, அன்றைக்கு இருந்த பழைய இயக்குநர் அவரை ஃபோன் பக்கத்தில் உட்கார வைத்தார். முப்பது வீடு வேண்டியிருந்தது, இருபத்தொன்பதுதான் சேர்ந்தது. “முப்பதாவதா உங்க வீட்டையே போட்டுக்கோங்க,” என்று சொல்லிவிட்டு அவர் ஓய்வு பெற்றுப் போனார். இது எனக்கு அப்போது தெரியாது. வேறு யாருக்கும் தெரியாது.

புதிய இயக்குநர் சைக்கிளில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து அப்படியே கூட்டம் நடத்துவார். ஹெல்மெட் சார் என்றுதான் எல்லோரும் சொல்வோம், அவர் காதுபடவே. ஒரு காலையில் அவர் ஹெல்மெட்டோடு என் மேஜைக்கு ஓடிவந்தார்.

“இந்த முப்பதாம் வீட்டைப் பாத்தீங்களா? மூணு பேர்! மாசம் அறுபத்திரண்டு யூனிட்! தலைக்கு இருபத்தொண்ணுகூட இல்ல. மத்த வீட்டு சராசரி நாப்பத்தெட்டு. எப்படிய்யா வாழறாங்க இவங்க?”

“தெரியல சார்.”

“கண்டுபிடிங்க. இந்த வருஷ அறிக்கையில முதல் அத்தியாயமே இதுதான். வீட்டு மின்சார வரம்பு மசோதா வருது. மூணு பேர் இவ்வளவுல வாழ முடியும்னா வரம்பை இங்கயே வைக்கச் சொல்லலாம். அதுக்கு மேல போனா இரட்டைக் கட்டணம்.”

நான் அக்காவிடம் போனேன். அவர் அறைக்கு ஜன்னல் கிடையாது, கோப்புகள் வைக்கும் அறை. முப்பதாம் வீட்டின் ஃபோன் எண் வேண்டும் என்றேன்.

“அவங்க ஊர்ல இல்ல தம்பி.”

அடுத்த வாரம் கேட்டேன். “அவங்க கொஞ்சம் கூச்சப்படறவங்க.” அதற்கடுத்த வாரம், “உடம்பு சரியில்ல” என்றார். அச்சகத்துக்குப் போக வேண்டிய தேதி நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் கெட்டது.

“அக்கா, அத்தியாயம் வரலன்னா என் சீட்டைக் கிழிச்சுடுவாங்க. அப்புறம் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான்.”

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். விளக்கு அணைந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கையை ஆட்டினோம்.

“ஞாயித்துக்கிழமை காலையில வாங்க. அந்த வீட்டையே காட்டறேன்,” என்றார்.

அவர் எழுதிக் கொடுத்த முகவரியில் கதவைத் திறந்தது அக்காதான். அவருக்குப் பின்னால் வேறு யாரும் இருக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தேன்.

“ரொம்ப எட்டிப் பாக்காதீங்க, கழுத்து சுளுக்கிக்கும். நான் மட்டும்தான்.”

இரண்டு அறைகளும் ஒரு கூடமும் இருந்த வீடு. அவர் புழங்கியது ஒரே அறையில். கட்டில், மேஜை, மின்னடுப்பு எல்லாவற்றையும் அங்கேயே சேர்த்திருந்தார். கதவுக்குப் பின்னால் ஆணியில் குப்பை எடை பார்க்கும் கொக்கித் தராசு தொங்கியது. அதில் மாட்டியிருந்த பை ஒரு கிலோகூட இருக்காது.

“முன்னாடி வாரம் ஏழு கிலோ வரும் தம்பி. எங்க மாப்பிள்ளை ஆன்லைன்ல பென்சில் வாங்கினாக்கூட அது ஆளுயரப் பெட்டியில வரும். அந்த அட்டையை மடிச்சுக் கட்டறப்பெல்லாம் அவரைத் திட்டுவேன். மக குளிக்கப் போனா முக்கால் மணி நேரம். அஞ்சாவது நிமிஷம் நான் கதவைத் தட்டுவேன். ‘அம்மா, நான் குளிக்கறேனா, உன் ஆபீஸ்ல வேலை பாக்கறேனா’ன்னு உள்ளேருந்து கத்துவா.”

சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மருமகனுக்கு வெளிநாட்டில் ஒரு வருட வேலை என்று இருவரும் கிளம்பினார்கள். ஒரு வருடத்துக்காக எதற்கு மூன்றை அடித்துத் திருத்த வேண்டும் என்று அக்கா விட்டுவிட்டார். அந்த ஒரு வருடம் நான்காகிவிட்டது.

சுவரில் மாலையோடு இருந்த படத்தைப் பார்த்து, “உங்க வீட்டுக்காரர் தவறினப்போ...” என்று கேட்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

“அது அந்த மாசமே திருத்திட்டேன். நாலை மூணாக்கினேன். யோசிக்கவே இல்ல. அவர் வரமாட்டார்னு தெரியும் இல்லியா? உயிரோட இருக்கிறவளை எப்படி தம்பி அடிக்கறது? நாளைக்கே வந்து பெட்டியோட நின்னா?”

மகள் இருந்த மற்றோர் அறையைத் திறந்து காட்டினார். மாதம் ஒரு முறை, சுவரில் ஈரம் ஏறாமல் இருக்க, அங்கே ஒரு மணி நேரம் ஹீட்டர் போடுவாராம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் மீட்டர் பக்கமே போகமாட்டாராம்.

நான் மசோதாவைப் பற்றிச் சொன்னேன். அதுவரை அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. அந்த இரட்டைக் கட்டணத்தைச் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“பன்னெண்டாம் வீட்ல ஏழு பேர். சின்னவனுக்கு மூச்சிரைப்பு, மிஷின் வெச்சுத்தான் தூங்கறான். அவங்க என்ன பண்ணுவாங்க?”

அவர் ஃபோனை எடுத்தார். எழுந்து போக முயன்றேன், இருங்கள் என்று கையைக் காட்டினார். ஒலிபெருக்கியில் போட்டு, ஃபோனை மேஜையில் வைத்தார்.

“என்னம்மா, இந்நேரத்துல? நல்லாத்தானே இருக்க?” என்றது மகளின் குரல்.

“நல்லாருக்கேன். ஒரே ஒரு கேள்வி கேக்கணும். இனிமே எந்த மாசமாவது பதினஞ்சு ராத்திரி இங்க தங்கற மாதிரி இருக்கா?”

“என்னம்மா இது, ஆபீஸ் குரல்ல பேசற?”

“சொல்லு.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கழுவும் ஓசை வந்து நின்றது.

“அம்மா... நாங்க இங்க வீடு பாத்து முடிச்சுட்டோம். சொல்லணும்னுதான் இருந்தேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம...”

“நல்ல வெளிச்சம் வருமா?”

“என்னது?”

“வீட்ல. பகல்ல விளக்கு போடாம இருக்கற மாதிரி.”

“வரும்மா.”

“சரி. உங்க வீட்ல எத்தனை பேர்?”

“ரெண்டு பேர்தான்மா. உனக்குத் தெரியாதா?”

“தெரியும். உன் வாயால கேக்கணும் இல்லியா? ரெண்டுன்னு போட்டுக்கறேன்.” பிறகு, “குளிக்கறப்போ நிதானமாக் குளி. யாரும் தட்டமாட்டாங்க,” என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் வெளியே வந்தபோது, போன வாரம் என் அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. யாராவது கேட்டால் அம்மா இன்னும் என்னையும் சேர்த்து எங்கள் வீட்டில் ஐந்து பேர் என்றே சொல்கிறாளாம். அண்ணன் அதைச் சிரிப்பாகத்தான் சொன்னான். நானும் சிரித்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை அக்கா நேராக இயக்குநர் அறைக்குப் போனார். என்னையும் சாட்சிக்கு அழைத்துக்கொண்டார்.

“முப்பதாம் வீடு என் வீடுதான் சார். அங்க மூணு பேர் இல்ல, ஒருத்திதான். நாலு வருஷமாத் தப்பா எழுதிட்டேன். வேலைய விட்டு எடுக்கறதுன்னா எடுத்துக்குங்க. வரம்பை மட்டும் அங்க வைக்கச் சொல்லாதீங்க.”

ஹெல்மெட் சார் ஹெல்மெட்டைக் கழற்றினார். கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதன் வாரைத் திருகினார்.

“ஒருத்தர்னா தலைக்கு அறுபத்திரண்டு. முதல் இடத்துலேர்ந்து...”

“இருபத்தாறாவது இடம் சார். போட்டுப் பாத்துட்டேன். ஒருத்தர் இருந்தாலும் ஃப்ரிட்ஜ் ஓடத்தானே செய்யும்.”

“மத்த இருபத்தொன்பது வீடு?”

“அதுல ஒரு புள்ளி தப்பிருந்தா என்னைக் கேளுங்க.”

அவர் வெளியே தெருவைப் பார்த்தார். “அத்தியாயத்தைத் தூக்கிடுங்க,” என்றார் என்னிடம். அக்காவிடம், “தனியா இருக்கறவங்க நம்ம கணக்குல எத்தனை வீடு?” என்று கேட்டார்.

“என்னோட சேத்து ஆறு சார்.”

“அதைப் பத்தி நாம எதுவுமே எழுதினதில்ல, இல்ல?” என்றவர், குரலை மாற்றிக்கொண்டு, “முதல்ல பழசைத் திருத்துங்க. ஒரு மாசம் விடாம,” என்றார்.

நாற்பத்தொன்பது மாதங்கள். அன்று மதியம் அக்கா ஒவ்வொரு வரியாகத் திறந்து, மூன்றை அழித்து ஒன்று போட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அச்சுப்படியோடு ஒப்பிட்டேன். மூன்று, ஒன்று. மூன்று, ஒன்று. விளக்கு அணையும்போதெல்லாம் நான் கையை ஆட்டினேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இருபதாவது மாதத்துக்கு வந்ததும் அவர் விரல் நின்றது. மின்சாரம் நூற்று எழுபத்தொன்று. தண்ணீர் நான்கு மடங்கு. குப்பை வாரம் ஏழு கிலோ.

“இது?” என்றேன்.

“விடுமுறைக்கு வந்திருந்தாங்க.”

“எத்தனை ராத்திரி?”

“பதினாறு.”

நான் அச்சுப்படியில் அந்த வரிக்கு நேராகச் சரி என்று குறியிட்டேன். அக்கா அந்த வரியிலேயே இருந்தார். விளக்கு அணைந்தது. இருட்டில் திரையில் அந்த மூன்று மட்டும் வெளிச்சமாய்த் தெரிந்தது. நான் கையை ஆட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கையைத் தூக்கினார், அடுத்த மாதத்துக்குப் போனார்.