விழுந்ததும் விட்டுவிட வேண்டும்

அந்த ஆட்டத்தின் பெயர் ரக்பி. அதன் சட்டம் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டதல்ல, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கற்றுக்கொண்டது.

யுத்தம் நடந்த காலம். நல்லம்பள்ளிக்கும் தொப்பூருக்கும் நடுவே ரோட்டோரமாக வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கூடாரம் அடித்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் அங்கே வண்டியில் விறகு கொண்டுபோய்ப் போடுவார். எங்கள் ஊர்ச் சடுகுடுவில் அவரைப் பிடித்து நிறுத்த ஆள் கிடையாது. அதை ஒரு துரை பார்த்துவிட்டார், தொலைந்தது. சிப்பாய்களில் பாதிப்பேர் குளிர்காய்ச்சலில் கிடந்தார்கள். எங்கள் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைகிறது, நீ வா என்று துரை கூப்பிட, இவரும் பல்லைக் காட்டிக்கொண்டு சரி சொல்லிவிட்டு வந்து நின்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய இடது தோள் ஏற்கெனவே இரண்டு முறை கழன்ற தோள். எலும்பு கட்டுகிறவர் கட்டும்போதே சொல்லிவிட்டார்: "இன்னொரு வாட்டி கழண்டா என்கிட்ட வராதீங்க. அந்தக் கை அப்புறம் ஏர் புடிக்காது." எங்கள் வீட்டில் ஏர் பிடிக்க வேறு ஆள் இல்லை. மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். என் வயிற்றில் அப்போதுதான் மூத்தவன். கேழ்வரகு விதைக்கிற நேரம் வேறு.

"தோளு போச்சுன்னா யாருங்க உழுவா? உங்க துரை வந்து உழுவானா?"

"சும்மா கத்தாத புள்ள. ஓடறதுக்குக் காலு போதும்."

சட்டம் சொல்லிக்கொடுக்க முகாமின் லாரி டிரைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெங்களூரில் பட்டாளத்தோடு இருந்தபோது அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பழகியவர். சாக்கில் வைக்கோலைத் திணித்து உரிக்காத தேங்காய் மாதிரி ஒரு பந்து கட்டினார். நான் முறத்தில் கேழ்வரகைப் புடைத்துக்கொண்டே காதை அங்கே வைத்திருந்தேன். பக்கத்துக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், காலாலும் உதைக்கலாம். கையால் கொடுப்பதென்றால் பக்கத்திலோ பின்னாலோ வருகிறவனுக்குத்தான். முன்னால் எறியக் கூடாது. பந்து வைத்திருப்பவனை மட்டும்தான் பிடித்துத் தள்ளலாம். எதிராளியின் கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது, அங்கே பந்தைத் தரையில் அழுத்தி வைத்தால்தான் கணக்கு.

"அண்ணா, இத நல்லாக் கேட்டுக்கோங்க," என்றார் டிரைவர். "உங்களப் புடிச்சுக் கீழ தள்ளிட்டா பந்த அப்பவே விட்டுடணும். கட்டிக்கிட்டுக் கெடந்தீங்கன்னா அத்தன பேரும் மேல உழுந்து புடுங்குவாங்க. விட்டுட்டீங்கன்னா பந்து பின்னால போயிடுவாங்க."

இவருக்குச் சிரிப்பு. "கோட்டத் தொடறதுக்குள்ள உடறவன் ஆம்பளையா?"

சடுகுடுவில் அப்படித்தானே! எத்தனை பேர் அமுக்கினாலும் மூச்சு விடாமல் கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் ஜெயம். சின்ன வயதிலிருந்து உடம்பில் ஊறிய பழக்கம். டிரைவர் என் பக்கம் திரும்பி, "அக்கா, நீங்களாவது சொல்லுங்க," என்றார். களி போடும்போதெல்லாம் சொன்னேன். "சரி, சரி" என்று களியை விழுங்கினார். நான் சொன்னது இறங்கியதாகத் தெரியவில்லை.

ஆட்டம் வறண்ட ஏரிக்குள். சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். ஊரே கரைமேல் நின்றது. பெண்கள் ஒரு பக்கமாக நின்றோம். வெகுநேரம் இவர் கைக்குப் பந்து வரவில்லை. வராமலே முடிந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தபோது வந்துவிட்டது.

வாங்கியதும் ஓடினார். "சடுகுடு சடுகுடு" என்று பாடிக்கொண்டே ஓடினார்! கரையில் ஒரே சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. ஒரே மூச்சில் எவ்வளவு தூரம் ஓட முடியும்? கோட்டை நெருங்கும்போது மூச்சு முட்டியது, கால் தளர்ந்தது. பின்னாலிருந்து ஒருவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு தள்ளினான். இவர் குப்புற விழுந்தார். பந்து வலது கக்கத்தில். இடது கை நீண்டு கோட்டைத் தேடியது. அட கடவுளே, வெறுங்கை தொட்டு என்ன பிரயோசனம்? பந்தல்லவா போக வேண்டும்!

ஒருவன்மேல் ஒருவனாக விழுந்தார்கள். விசில் ஊதுகிற துரை தூரத்தில் ஓடி வந்துகொண்டிருந்தார். அந்தக் குவியலுக்கு வெளியே இடது கை மட்டும் தெரிந்தது. விரல்கள் மண்ணைப் பிறாண்டின. மேலே ஒருவன் பந்தை இழுக்க இழுக்க உடம்பு புரண்டு, அந்தக் கை முறுக்கிக்கொண்டு, உள்ளங்கை வானத்தைப் பார்த்துத் திரும்பியது.

"ஏங்க! உடுங்க! பந்த உட்டுடுங்க!" என்று கத்தினேன். ஊர் ஆண்கள் அத்தனை பேரும், "உடாத! உடாத!" என்று கூச்சல் போட்டார்கள். அவர்கள் சத்தத்தில் என் "ஏங்க" எங்கே கேட்கும்? கேட்டாலும் எந்தப் புருஷன் திரும்புவான்?

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அவன் ஆயுசு குறையுமாம். கோயிலில் அர்ச்சனைக்குக்கூடப் பக்கத்தில் நிற்பவள்தான் சொல்வாள். ஆயுசு என்ன ஆயுசு, கண்ணெதிரே கை போகிறதே! தொண்டை கிழிய அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "உடுய்யா!" என்றும் சொன்னேன்.

என்னைச் சுற்றி நின்ற பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். ஆண்களின் கூச்சல் நின்றது. குவியலுக்குள்ளிருந்து பந்து உருண்டு வெளியே வந்தது. டிரைவர் சொன்னபடியே அத்தனை பேரும் அதன் பின்னால் ஓடினார்கள். இவர் தனியாகக் கிடந்தார். வலது கையை ஊன்றி எழுந்தார். நான் இடது கையையே பார்த்தேன். அது மெதுவாக மேலே போய் முகத்து மண்ணைத் துடைத்தது. அப்புறம்தான் கரையிலேயே உட்கார்ந்தேன்.

இவர் பக்கம் தோற்றது. வண்டியில் வீடு திரும்பும்போது என் பக்கம் திரும்பாமல் மாட்டையே விரட்டினார். ஊருக்கு முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன் என்று கோபம்போல. எனக்கும் கோபம்தான்.

"அத்தன பேர் முன்னால பேரச் சொல்லிட்ட," என்றார் கடைசியில்.

"சொன்னேன்தான். இன்னொரு வாட்டி அப்படி உழுந்து கெடந்தீங்கன்னா இன்னொரு வாட்டியும் சொல்லுவேன்."

மாட்டைத் தட்டி ஓட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தார்.

"அப்ப அடுத்த ஆட்டத்துக்கும் போறேன் புள்ள," என்றார்.