வயிற்றில் கட்டுப் போட்ட கப்பல்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் ஒரு காகிதக் கப்பல் நிற்கிறது. மழைத்தண்ணீரில் விடுகிற கப்பல் அல்ல. முழங்கை நீளம், புகைபோக்கி, கொடிமரம், நங்கூரம், பக்கத்துக்கு மூன்று படகுகள் என்று சகலமும் உள்ள சரக்குக் கப்பல். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதன் வயிற்றைப் பற்றித்தான். மேலே கறுப்பு, கீழே சிவப்பு. இரண்டும் சேருகிற இடத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, சுண்டுவிரல் அகலத்துக்கு வெள்ளைப் பேண்டேஜ் துணி ஒட்டியிருக்கும். இராஜபாளையத்தில் பேண்டேஜுக்கா பஞ்சம் என்று சொல்லிச் சிரித்துவிடுவேன். உண்மைக் கதையை யாரிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ, அவரிடம் இத்தனை வருடமாகச் சொல்லவில்லை என்பது போன தை மாதம்தான் எனக்கு உறைத்தது.

என் அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கு எண்ணிக்கை பார்த்தவர். ஏதோ ஒரு கப்பலின் சமையல்காரர், ஊர் திரும்பும்போது அன்பாகக் கொடுத்துவிட்டுப் போனது அந்தக் காகிதக் கட்டு. எட்டுத் தாள்கள். கப்பலின் ஒவ்வொரு பாகமும் எண் போட்டு அச்சடித்திருக்கும்; வெட்டி, மடித்து, ஒட்டிக்கொள்ள வேண்டியது. கூடவே ஒரு விளக்கத்தாள். எழுத்துகளுக்குக் கீழே வால் முளைத்த ஏதோ ஒரு பாஷை. ஓய்வு பெற்ற பிறகு செய்வேன் என்று அப்பா பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்தினார். ஓய்வு பெறும் முன்பே போய்விட்டார். வீட்டில் அவர் கைபட்ட பொருள்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டபோது, நான் அந்த டின்னை எடுத்துக்கொண்டேன்.

கல்யாணமாகி இராஜபாளையம் வந்தபோது டின்னும் வந்தது. வருடத்துக்கு இரண்டு முறை திறப்பேன், தாள்களை ஒன்றிரண்டு தடவை புரட்டுவேன், மூடிவிடுவேன். கத்தரி வைக்க மனம் வராது. ஒரு வெட்டு தப்பினால் மாற்றுத் தாளுக்கு எந்தக் கடலைத் தாண்டிப் போவது? அப்போது நாங்கள் கூட்டுக் குடும்பம். கணவரின் அண்ணன் மனைவியான என் ஓரகத்தியும் நானும் ஒரே அடுப்படி. அவர் சேத்தூர்க்காரர், பேண்டேஜ் துணி சுற்றும் யூனிட்டில் வேலை. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் எழுத்தர். அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆனால் கூப்பிடுவதற்கான சந்தர்ப்பங்களை முடிந்தவரை குறைத்துக்கொள்வேன். எதிலும் கையை விடுகிறவர், கேட்காமலே உதவுகிறவர். நானோ என் கரண்டியைக்கூட இன்னொருவர் எடுத்தால் முகம் சுருக்குகிறவள்.

ஒருநாள் நான் டின்னைத் திறந்து வைத்திருந்தபோது எட்டிப் பார்த்தார். “ஏட்டி, எம்புட்டு நாளைக்குத்தான் இத அடைகாப்ப? வெட்டி ஒட்ட வேண்டியதுதான” என்றார். தட்டிக்கழிக்க ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “தாள் தொஞ்சு போச்சுக்கா. வெட்டினாலும் நிக்காது” என்றேன். அந்த வாய் சும்மா இருந்திருக்கலாம்.

மறுநாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டிறங்கி வீட்டுக்கு வந்தேன். மொட்டை மாடிக் கொடியில் அக்கா வீட்டுக்காரரின் வேட்டிகளுக்கு நடுவே அப்பாவின் எட்டுத் தாள்களும் கிளிப் மாட்டித் தொங்கின. ஓரமெல்லாம் சுருண்டு, நடுவில் நெளிந்து, மலைக்காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. அக்கா கஞ்சி போட்டிருந்தார். அவர் கணவர் வேலை பார்த்தது பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றும் சைசிங் பட்டறையில். அந்த வீட்டில் வேட்டி, தலையணை உறை, மேசை விரிப்பு எல்லாமே கஞ்சி குடித்து விறைத்துத்தான் நிற்கும். “நூலே கஞ்சி குடிச்சாத்தான் தறியில அறுபடாம நிக்குது. காயிதம் எம்மாத்திரம்னு நெனச்சேன். அந்தச் செவப்புத் தாளு ரொம்ப மெலிசா இருந்துச்சா, அதுக்கு மட்டும் ரெண்டு தடவ முக்குனேன்” என்றார் பெருமையாக. என் முகத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் அன்றோடு போயிருக்கும். பதினோரு நாள் அவரோடு பேசவில்லை. அவர் வைத்த குழம்பைத் தொடாமல் ஊறுகாயோடு சாப்பிட்டேன். கணவரிடம் தனிக்குடித்தனம் பற்றி ஜாடையாகப் பேசவும் தொடங்கினேன். அப்பா இரண்டாம் தடவை போய்விட்டதுபோல இருந்தது எனக்கு. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாததால் எல்லாவற்றையும் கோபமாகவே வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. தாள்கள் என் மேசைமேல் இருந்தன. ஈர வேட்டியை மேலே போட்டு அக்கா ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டிருந்தார். நெளிவு போய், அப்பளம்போல விறைப்பாகக் கிடந்தன. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். இனிமேல் இதில் கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் கை தானாகக் கத்தரியை எடுத்தது. அத்தனை வருடம் பயந்து பயந்து தள்ளிப்போட்டதை, விரக்தியில் ஒரு நிமிடத்தில் செய்தேன். வெட்டிய துண்டு மேசைமேல் தனியாக நின்றது. சமையல் கட்டில் இருந்தவருக்குக் கேட்கும்படி, “அக்கா, நிக்குதுக்கா” என்றேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமெல்லாம் எங்களுக்குக் கப்பல் கட்டும் வேலைதான். இரண்டு பேருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. விளக்கத்தாளில் படத்தை மட்டும் பார்த்தோம். உள்ளே வைக்கிற எலும்புக்கூட்டுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டினோம். பாச்சை அரிக்காமல் இருக்க அக்கா மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்தார். இன்றுவரை ஒரு பூச்சி வாய் வைத்ததில்லை. யூனிட்டில் அறுந்த நூலை முடிகிற விரல்களால் கொடிமரத்துக் கயிறுகளை அவர் முடிந்த வேகத்தை நான் வாய் பிளந்து பார்த்திருக்கிறேன். ஒரு ஞாயிறு நான் பக்கத்துத் தெரு விசேஷத்துக்குப் போய்விட்டு வருவதற்குள் ஆறு படகுகளையும் குப்புறக் கவிழ்த்து ஒட்டிவிட்டார். “கழுவுன ஏனத்த நிமித்தியா வைப்பாக? தூசி அடையும்ல” என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது. அவை இன்னும் அப்படியேதான் கவிழ்ந்திருக்கின்றன.

கடைசியில் வயிற்றைப் பொருத்தும்போதுதான் வினை. இரண்டு தடவை கஞ்சியில் முங்கிய சிவப்புத் தாள் மற்றதைவிடச் சுருங்கியிருந்தது. எவ்வளவு இழுத்தாலும் கறுப்போடு சேரவில்லை. நீளமாக ஒரு இடைவெளி. உள்ளே யாருடைய கல்யாணத் தேதியோ தெரிந்தது. சரக்கை இறக்க இறக்கக் கப்பலின் சிவப்பு வயிறு தண்ணீருக்கு மேலே எழும்பி வருவதைப் பற்றி அப்பா அடிக்கடி சொல்வார். அந்தச் சிவப்புதான் சேரவில்லை. என் கண் கலங்கியதை அக்கா பார்த்திருக்க வேண்டும். எழுந்துபோய் வேலைப் பையிலிருந்து பேண்டேஜ் சுருளை எடுத்து வந்தார். நீளம் பார்த்துக் கிழித்து, பசை தடவி, கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே போனார். “காயம்பட்டா கட்டுப் போட வேண்டியதுதான். இதுக்குப் போயி அழுவாளா” என்றார்.

பிறகு குடும்பம் இரண்டானது. சண்டையில்லை, அவருடைய மகனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வேலை, அவர்கள் அங்கே போனார்கள். போன தை மாதம் ஒரு காலை, அக்கா கையில் நீளமான குழாயோடு வந்து இறங்கினார். உள்ளே எட்டுத் தாள்கள். அதே கப்பல். மகன் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்து, நல்ல கெட்டித் தாளில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறான்.

“ஒங்க அப்பா பொருள அன்னைக்கு நாசமாக்கிட்டேன்ட்டி. ஆண்டாள் சன்னதியில போய் நின்னாலும் அந்தக் கொடியில தொங்குன காயிதந்தான் ஞாபகத்துக்கு வருது. இத வச்சுப் புதுசா ஒண்ணு செஞ்சிட்டு, அந்தப் பழச எடுத்துரு” என்றார்.

பதினோரு நாள் மௌனத்தை நான் அன்றே மறந்துவிட்டேன். அவர் இத்தனை வருடமும் சுமந்திருக்கிறார். அவர் கெடுத்திராவிட்டால் அந்தத் தாள்கள் இன்னும் டின்னுக்குள்ளேயே கிடந்திருக்கும், நானும் என் கரண்டியைக் காத்துக்கொண்டு தனியாக இருந்திருப்பேன். இதைச் சொல்ல எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன! ஒன்றில்கூட வாயைத் திறக்கவில்லை.

“இதுல நீங்க உங்க வீட்டுக்கு ஒண்ணு செய்யுங்கக்கா, நானும் வாரேன். ஆனா எங்க அப்பா கப்பல் அதுதான்” என்று அலமாரியைக் காட்டினேன். “நீங்க அன்னைக்குக் கஞ்சி போடலன்னா எங்க அப்பாவுக்குக் கப்பலே இல்ல.”

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அலமாரிக் கதவைத் திறந்தார். குனிந்து வயிற்றைப் பார்த்தார். வெள்ளைத் துணியின் ஒரு முனை லேசாகப் பிரிந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“கட்டு அவுந்திருக்குட்டி. கொஞ்சூண்டு மைதா இருந்தா பசைக்கு அடுப்புல வையி.”