ஜூலை முதல் தேதிக்கு முன்னும் பின்னும்

அந்தப் பெண் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தது இரண்டாயிரத்துப் பதினைந்தில், ஒரு சனிக்கிழமை காலை. நெய்வேலிக்குப் பக்கத்தில் வடக்குத்து என்ற ஊரில் ஒரு சின்ன கிளினிக்கில் நர்ஸ். நான் ஸ்கூட்டியில் விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டபோது பத்து நாள் கட்டு மாற்றிவிட்டவள் அவள்தான். வலி தெரியாமல் பேச்சுக் கொடுக்கத் தெரிந்தவள். அன்று வாயே திறக்காமல் ஒரு கடிதத்தை மேஜைமேல் வைத்தாள்.

வெளிநாட்டில் வேலை கிடைக்கும்போல் இருந்ததால் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். முகவரி என்ற இடத்தில் குள்ளஞ்சாவடிப் பக்கத்து இலங்கை அகதிகள் முகாமை மறைக்காமல் எழுதியிருக்கிறாள். பிறப்பால் இந்தியர் என்ற கட்டத்திலும் டிக் அடித்திருக்கிறாள். இரண்டும் எப்படிப் பொருந்தும், விளக்கம் தராவிட்டால் பொய்த் தகவல் கொடுத்ததாக வழக்கு வரும் என்றது பாஸ்போர்ட் அலுவலகத்தின் கடிதம்.

“மூணு நாளா பயந்துகினே பையில வச்சிருந்தேங்க மேடம்.”

“நீ எங்க பொறந்த?”

“கடலூர் ஜி.எச்.ங்க.”

“அப்பறம் என்ன? இங்க பொறந்தவ இந்தியாக்காரிதான். பதில் நான் எழுதறேன். நீ டூட்டிக்குப் போ.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வருடமாக விபத்து இழப்பீடும் ஜீவனாம்சமும் பார்த்துவந்த கை. இப்படி ஒரு விஷயம் அதுவரை வந்ததில்லை. சட்டப் பிரிவின் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம் என்றுதான் மதியம் குடியுரிமைச் சட்டத்தைத் திறந்தேன்.

எண்பத்தேழு ஜூலை முதல் தேதிக்கு முன்னால் இந்த மண்ணில் பிறந்தவர் எவரானாலும் இந்தியர். அதற்குப் பிறகு பிறந்திருந்தால், அப்பாவோ அம்மாவோ இந்தியராக இருக்க வேண்டும். இன்னும் பிந்திப் பிறந்தவர்களுக்கு விதி மேலும் இறுக்கம். மூன்று தடவை படித்தேன். சென்னையில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த சீனியரை போனில் பிடித்தேன்.

“பொண்ணு பொறந்த வருஷம் என்னம்மா?”

“எண்பத்தொன்பது சார்.”

“அப்ப இல்ல. அம்மா அப்பா பாஸ்போர்ட் இல்லாம படகுல வந்தவங்க. அதனால இந்தப் பொண்ணும் கணக்குல சட்டவிரோதமா வந்த ஆள்தான்.”

“அது எங்கேருந்தும் வரலையே சார்.”

“அதையே எழுதிக் கேப்போம்” என்றார்.

சொன்ன வார்த்தையை போனில் திருப்பி எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் நானே முகாமுக்குப் போனேன். நெய்வேலியிலிருந்து ஸ்கூட்டியில் போகிற தூரம்தான். அந்த வழியாக எத்தனையோ முறை கடலூர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறேன், ஒரு தடவைகூட உள்ளே திரும்பியதில்லை. வாசலில் இருந்த நோட்டில் என் பெயர், ஊர், யாரைப் பார்க்க வந்தேன் என்றெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரே அறை கொண்ட வீடு. அம்மா, அக்கா, இவள். பெயின்ட் அடிக்கப் போன அப்பா சாரத்திலிருந்து விழுந்து இறந்து வருடங்கள் ஆகியிருந்தன. நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்: நேற்று நான் சொன்னது தப்பு. சட்டப்படி இவள் இந்தியர் இல்லை.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அம்மாவுக்குத்தான் தாங்கவில்லை. வெளியே எல்லோரையும்போலப் பேசுகிறவர், வீட்டுக்குள் இலங்கை மன்னார்த் தமிழில்தான் பேசுவார்.

“இவள் கடலைக் கண்டதே கடலூர் சில்வர் பீச்சிலதானே, பிள்ளை. இவள் எப்ப களவா வந்தவள்?”

பிறப்புச் சான்றிதழையாவது பார்க்கலாம் என்று கேட்டேன். அக்கா அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து, உள்ளிருந்ததையெல்லாம் பாயில் கொட்டினாள். தங்கையின் சான்றிதழைத் தேடும்போது அதற்கடியில் இன்னொன்று கைக்கு வந்தது. மடிப்பில் கிழிந்து, செல்லோடேப் ஒட்டியது. ராமநாதபுரம் அரசு மருத்துவமனை. எண்பத்தாறு.

“இது யாருது?”

“என்னுதுங்க மேடம். அம்மா படகுல வந்தப்ப வயித்துல இருந்தேன்.”

தேதியை மறுபடி பார்த்தேன். அவள் இந்தியர். பிறந்த நிமிடத்திலிருந்து இந்தியர். யாரும் கொடுக்க வேண்டியதில்லை, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இருபத்தொன்பது வயது வரைக்கும் அகதி என்ற அட்டையை வைத்துக்கொண்டு, கணக்கெடுப்பு நாளில் வரிசையில் நின்று தலையைக் காட்டியிருக்கிறாள். வெளியூர் போக அனுமதி கேட்டிருக்கிறாள்.

சொன்னேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள், பன்னிரண்டாவது முடித்ததும் போலீஸ் தேர்வுக்குக் கடலூர் மைதானத்துக்குப் போனதை. பள்ளிக்கூடத்தில் ஓட்டத்தில் அவளை யாரும் முந்தியதில்லை. வாசலில் அடையாள அட்டை கேட்டார்கள். தன்னிடம் இருந்த முகாம் அட்டையைக் காட்டினாள். ஓடாமலே திரும்பி வந்தாள்.

“அன்னிக்கு அதுக்குப் பதிலா இந்தப் பேப்பரைக் காட்டியிருந்தா, உள்ள வுட்டிருப்பாங்களா மேடம்?”

“விட்டிருக்கணும்.”

“இப்ப?”

வயது வரம்பு தாண்டிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது.

தனக்கு மட்டும் மனு போட அக்கா ஒப்பவில்லை. அதற்கு ஒரு நியாயமான காரணமும் இருந்தது. இந்தியர் என்றாகிவிட்டால் முகாம் பதிவேட்டில் பெயர் இருக்காது, பெயர் இல்லாதவர் அங்கே குடியிருக்க முடியாது. சொந்த நாடு கிடைத்தால் சொந்த அம்மாவை விட்டுப் போக வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் நானும் தெரிந்துகொண்டேன். தங்கைதான் சண்டை போட்டாள்.

“அம்மாவை நான் பாத்துக்கறேன். நம்ம வூட்ல ஒருத்தராச்சும் வெளிய போனா என்ன? கையெழுத்துப் போடு அக்கா.”

சீனியர் துணையோடு உயர் நீதிமன்றத்தில் அக்காவுக்கு மனு போட்டோம். தங்கையின் பாஸ்போர்ட் விசாரணைக்கு நானும் கூடப் போனேன். ஏமாற்றும் எண்ணம் இல்லை என்று எழுதிக்கொடுத்தோம். வழக்கு இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. அந்த வெளிநாட்டு வேலை கைவிட்டுப் போனது.

அக்காவுக்கு உத்தரவு வர மூன்று வருடம் ஆனது. பிறப்பால் இந்தியர் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். நான்கு பக்கம்தான். கடைத்தெருவில் ஒரு தையல் கடைக்குப் பின்னால் அறை எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று பார்க்கப் போன முதல் நாள், வாசல் நோட்டில் தன் பெயரையும் யாரைப் பார்க்க வந்தாள் என்பதையும் எழுதினாளாம். “அம்மான்னு எழுதறப்ப கை ஓடல மேடம்” என்று என்னிடம் சொன்னாள்.

ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. முகாமில் வீடு வீடாகப் போய், எண்பத்தேழு ஜூலைக்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர்கள் யார் யார் என்று விசாரித்தாள். டிரங்குப் பெட்டிகளிலும் சாமி படங்களுக்குப் பின்னாலும் இருந்த தாள்களையெல்லாம் நகல் எடுத்து என்னிடம் கொண்டுவந்தாள். அவள் கொடுத்த ஒரு தாளைப் பார்த்து, இவரை வரச் சொல் என்றேன். “போன மாசம் செத்துட்டாருங்க” என்றாள். அவர் கடைசி வரை அகதியாகவே இருந்து போயிருந்தார்.

தங்கையைப்போலப் பிந்திப் பிறந்தவர்களுக்குச் சட்டத்தையே மாற்றக் கேட்பதைத் தவிர வழியில்லை. சில வக்கீல்கள் சேர்ந்து அரசுக்குக் கோரிக்கை மனு தயாரித்தோம். முகாம்காரர்களின் வாக்குமூலங்களை நான் எழுதி வாங்கினேன். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அனுப்பினோம். இரண்டாயிரத்துப் பத்தொன்பது டிசம்பரில் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்துகிறார்கள் என்று செய்தி வந்தபோது முகாமில் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்களாம். நானும் நெய்வேலி குவார்ட்டர்ஸ் வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அங்கிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை என்று மூன்று நாடுகளின் பெயரைச் சொன்னார்கள். நான்காவதாக இலங்கையின் பெயருக்காகக் காத்திருந்தேன். செய்தி வேறு எங்கோ போய்விட்டது.

போன் அடித்தது. தங்கை.

“மேடம், எங்க பேரு பின்னாடி வருமா?”

“இல்லம்மா. அவ்வளவுதான்.”

பின்னணியில் அவர்கள் வீட்டு டிவியும் அதே செய்தியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. யாரோ சத்தத்தைக் குறைத்தார்கள்.

“சரிங்க மேடம்,” என்றாள். “அம்மா கேக்குறாங்க, அந்த மனுவை இன்னொரு தடவ அனுப்பலாமான்னு.”

அனுப்பலாம் என்றேன்.